கைக்குச் சந்தனம்

செப்டம்பர் 2, திங்கள்

நாள் ஒன்று. புதிய நோட்டு.

மாஸ்டரின் விதி: அறுபது நாள் எழுத வேண்டும். எழுந்த நேரம், பயிற்சி, உணவு, வகுப்பு. பொய் கூடாது, அலங்காரம் கூடாது, எழுதியதை அடிக்கக் கூடாது. அறுபதாம் நாள் நோட்டைச் சேலத்துக்கு அனுப்ப வேண்டும். அவர் வாசித்துச் சரி என்றால், நவம்பரிலிருந்து பன்னிரண்டு பேருக்கு நான் யோகா ஆசிரியப் பயிற்சி தருவேன். அவர் பள்ளியில் இருபத்தேழு வயதில் இது யாருக்கும் கிடைத்ததில்லை.

எழுந்தது 4.30. மூச்சுப் பயிற்சி நாற்பது நிமிடம். இட்லி இரண்டு. மாலை வகுப்பில் பத்தொன்பது பேர்.

சமையல் மேடையில் நோட்டை வைத்து நின்றபடி எழுதுகிறேன். நான்கு வருடம் முன்பு ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் இடது பக்கம் கொஞ்சம் அடி. அதிக நேரம் உட்கார முடியாது. மாஸ்டருக்குத் தெரியும். கற்பிக்க இது தடையில்லை. வகுப்பில் ஆசிரியர் உட்காரக் கூடாது என்பதும் அவர் விதிதான்.

செப்டம்பர் 3, செவ்வாய்

வகுப்பு நடக்கும் இடம் சிங்காநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். முகூர்த்த நாளில் வகுப்பு கிடையாது. மறுநாள் தரையிலிருந்து சாம்பார் வாசனை எழும். இன்று அப்படி. கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுங்கள் என்றேன். ஒரே அமைதி. நடு வரிசையிலிருந்து தெய்வானை அக்காவின் குரல்:

"இன்னிக்கு மூச்சுல முருங்கக்காய் போட்டிருக்காங்க டீச்சர்."

அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. மாஸ்டரின் வகுப்பில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

கையைப் பற்றி எழுத வேண்டும்.

மாஸ்டர் ஆசனத்தைச் சொல்லிக் கொடுக்க மாட்டார். அமுக்கிக் கொடுப்பார். உடம்பு சோம்பேறி, அது 'போதும்' என்று சொல்லும் இடத்துக்கு ஒரு விரற்கடை அப்பால்தான் யோகம் இருக்கிறது, அந்த ஒரு விரற்கடையை மாணவர் தாமாகக் கடக்க மாட்டார், ஆசிரியரின் கைதான் கடத்த வேண்டும் என்பார்.

தத்துவத்தில் எம்.ஏ. முடித்து, வேலை கிடைக்காமல் அவரிடம் போனேன். இருபத்திரண்டு வயது. எதை எடுத்தாலும் இரு பக்கமும் வாதம் செய்யத் தெரியும், காலையில் எழுந்திருக்கத் தெரியாது. முதல் நாள் அவர் கை முதுகில் படிந்தபோது அப்பாடா என்றிருந்தது. என்னைப் பற்றி ஒருவர் முடிவெடுத்துவிட்டார்.

இப்போது என் கைக்கும் பெயர் உண்டு. யாராவது குனிய முடியாமல் திணறினால் பக்கத்துப் பாயிலிருந்து சொல்வார்கள், டீச்சர் கை வெச்சாச் சரியாயிரும் என்று.

செப்டம்பர் 9, திங்கள்

எழுந்தது 4.40. பத்து நிமிடம் தாமதம்.

தெய்வானை அக்கா எட்டு மாதமாக வருகிறார். ஐம்பத்திரண்டு வயது, டைலர். வரதராஜபுரத்தில் வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின். பிளவுஸ் மட்டும்தான் தைப்பார். கால் நீட்டி உட்கார்ந்து, குனிந்து, நெற்றியை முழங்காலில் வைக்கும் பச்சிமோத்தானாசனம் அவருக்கு வரவில்லை. நெற்றிக்கும் முழங்காலுக்கும் நடுவே ஒரு முழம். முப்பது வருடம் மெஷினில் மடங்கிக் கிடந்த கால்கள்.

இன்று தன் காலைத் தானே தட்டிக்கொண்டு சொன்னார்:

"கிராஸ்ல வெட்டுன துணின்னா இழுத்தா வருமுங்க டீச்சர். என்னைய நேர்ல வெட்டிப்போட்டாரு கடவுளு. இழுத்தா கிழியும், அவ்வளவுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த பாயில் ரெஜினா சிஸ்டர்கூட. ஓய்வுபெற்ற நர்ஸ், எளிதில் சிரிக்காதவர்.

தெய்வானை அக்காவுக்கு இந்த ஆசனத்தை வரவைக்க வேண்டும். இந்த அறுபது நாளுக்குள்.

செப்டம்பர் 12, வியாழன்

வந்துவிட்டது.

தெய்வானை அக்காவின் நெற்றி முழங்காலைத் தொட்டது. எட்டு மாதத்தில் முதல் முறை. மூச்சை விடச் சொன்னேன், விட்டார். அந்த மூச்சின் கடைசியில் என் இரண்டு கையையும் இடுப்புக்கு மேலே வைத்து, என் எடையைக் கொடுத்தேன். தொட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

வகுப்பு முடிந்து அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பு மாட்டினார்.

பஸ்ஸில் இடம் இருந்தது. நின்றே வந்தேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

எழுந்தது 4.30. பயிற்சி முழுமை. பதினெட்டு பேர்.

செப்டம்பர் 16, திங்கள்

வகுப்புக்குச் சற்று முன் தெய்வானை அக்கா போன் செய்தார். நானே கூப்பிடுவதாக இருந்தேன்.

குரலைத் தாழ்த்திப் பேசினார். வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு எழக்கூட நேரமில்லையாம். தீபாவளித் துணி வர ஆரம்பித்துவிட்டது. வகுப்புக்கு வரும் வழியில் பேக்கரி வாசனை நிறுத்திவிட்டதாம். வகுப்புக்கு முன் மூன்று மணிநேரம் வெறும் வயிறு என்பது எங்கள் விதி.

"ரெண்டு போண்டா தின்னுபோட்டு வந்தனுங்க டீச்சர். ஒரு டீயும். நீங்க அத்தன தடவ சொல்லியும். அதான் வாயு எறங்கிப் போயி குண்டிக்குக் கீழ புடிச்சுக்கிச்சு, உக்காரவே முடியலீங்க. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. தப்பு என்னுதுதான்."

ரெஸ்ட் எடுங்க அக்கா என்றேன். அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

செப்டம்பர் 17, செவ்வாய்

வெறும் வயிறு விதியை வகுப்பில் மறுபடி சொன்னேன். பெயர் சொல்லவில்லை. பின்வரிசையில் யாரோ 'போண்டா' என்று முணுமுணுக்க, கூடமே சிரித்தது.

நானும் சிரித்தேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

ரெஜினா சிஸ்டர் பாயைக் கடைசி வரிசைக்கு மாற்றிக்கொண்டார். பச்சிமோத்தானத்தில் அவர் முதுகில் கை வைக்கக் குனிந்தேன்.

"வேண்டாம் தாரணி. வர்ற வரைக்கும் வரட்டும்."

மெதுவாகத்தான் சொன்னார். கூடம் முழுக்கக் கேட்டது. நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கூந்தலைச் சரிசெய்தேன்.

முடிந்ததும் படிக்கட்டில் அவரை நிறுத்தி, ஏதாவது குறையா என்று கேட்டேன். அன்று தான் பக்கத்துப் பாயில் இருந்ததாகச் சொன்னார். குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். சத்தத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை.

செப்டம்பர் 21, சனி

நேற்று எழுதியதை அடிக்க முடியாது. விதி.

சத்தம் சின்னதுதான். பிளவுஸ் கொக்கி தெறிப்பது போல.

செப்டம்பர் 25, புதன்

மாஸ்டரிடம் போனில் பேசினேன். பன்னிரண்டு பேரின் பெயர்ப் பட்டியல் அனுப்பியிருந்தார், அதற்கு நன்றி சொல்ல. பேச்சோடு பேச்சாக, ஒரு மாணவிக்குக் குனியும்போது உட்காரும் இடத்தில் ஏதோ சத்தம் கேட்டது, இப்போது வலி என்கிறார் என்று சொன்னேன்.

"திறக்கறப்போ சத்தம் வரும்மா. உனக்குத் தெரியாததா?"

தெரியும் என்றேன்.

செப்டம்பர் 28, சனி

எழுந்தது 4.30. பயிற்சி முழுமை. இரண்டு வேளை உணவு. எழுத வேறில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

பழைய பெட்டியில் கல்லூரிக் கட்டுரை ஒன்று அகப்பட்டது. நான்காம் பருவம். 'பிறருடைய வலியை நாம் அறிய முடியுமா?' பதினெட்டு பக்கம். முடியாது என்று நிறுவியிருக்கிறேன். அடுத்தவர் முகத்தைப் பார்க்கலாம், முனகலைக் கேட்கலாம். வலி மட்டும் அவரவர் அறைக்குள் பூட்டியிருக்கிறது என்று வாதம். பேராசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில் 'நன்று' என்று எழுதியிருக்கிறார்.

கட்டுரையை நின்றபடியே வாசித்து முடித்தேன்.

அக்டோபர் 4, வெள்ளி

தெய்வானை அக்காவைக் கூப்பிட்டேன். மூன்று வாரம் கழித்து, முதல் முறை நானாக.

உற்சாகமாகத்தான் இருந்தார். தினமும் காலையில் ஓமத் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை விளக்கெண்ணெய். உருளைக்கிழங்கு, கடலைமாவு எல்லாம் விட்டாயிற்று. பேக்கரிப் பக்கமே போவதில்லை, அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறாராம். மெஷினில் உட்கார முடியாததால் நின்றுகொண்டு வெட்டிக் கொடுக்கிறார். தைப்பதற்கு அண்ணன் மகள் வந்திருக்கிறாள். அவள் கைத் தையல் தனக்குப் பிடிக்கவில்லை, கழுத்து இறங்கிப் போகிறது, வாடிக்கைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்றார்.

டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன்.

"வாயுவுக்கு எதுக்குங்க டாக்டரு? எல்லாம் சரியாயிருமுங்க. நான் வீட்லயும் விடாமப் பண்ணிட்டுதான் இருக்கறன். ஆயுத பூஜைக்கு வாங்க டீச்சர், கட்டாயம் வரோணும்."

எதை விடாமல் செய்கிறார் என்று கேட்கவில்லை. மூச்சுப் பயிற்சியாக இருக்கும்.

அக்டோபர் 7, திங்கள்

உட்கார்ந்தால் தரையில் படும் எலும்பு. அதற்கு ஒரு விரல் அகலம் கீழே, தொடைத் தசை வந்து சேரும் இடம்.

நடந்தால் பெரிதாக வலிக்காது. படி ஏறினால் கொஞ்சம். நாற்காலியில் உட்கார்ந்த இரண்டாம் நிமிடம் நெருப்பு. பஸ்ஸில், வேகத்தடையில், பல்லைக் கடிக்க வேண்டும். காலை நீட்டிக் குனிந்தால் அதே இடத்தில் மறுபடி மறுபடி யாரோ பிரிப்பது போல இருக்கும். காலையில் சரியாகிவிட்டது என்று தோன்றும். அது பொய்.

தெய்வானை அக்கா இதில் ஒன்றைக்கூட என்னிடம் போனில் சொல்லவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. வகுப்பு விடுமுறை.

பதினொரு மணிக்கு வரதராஜபுரம் போனேன். ஆரஞ்சு நிற வீடு, வாசலில் வாழைக்கன்று. முன்னறையில் இரண்டு மெஷினையும் எண்ணெய் போட்டுத் துடைத்து, சக்கரத்துக்குச் சந்தனம், ஊசி முனைக்குக் குங்குமம், மேலே செவ்வந்திச் சரம். கத்தரிகள், இஞ்சி டேப், பாபின் டப்பா, அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஒரு பலகையில் வரிசையாகப் பொட்டோடு உட்கார்ந்திருந்தன. சுவரோரம் தைக்காத துணிப் பைகள், ஒவ்வொன்றிலும் சீட்டுக் குத்தி, என் இடுப்பு உயரத்துக்கு.

தெய்வானை அக்கா மெலிந்திருந்தார். உட்காருங்க டீச்சர் என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். பரவால்லக்கா என்றேன். நீங்கள் நின்றால் எனக்குச் சங்கடம் என்றார். நீங்களும்தானே நிற்கிறீர்கள் என்றேன். ஆளுக்கொரு பக்கம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அவர் கணவர் கிட்டுசாமி அண்ணன், மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர், பொரியும் சுண்டலும் கொண்டுவந்து வைத்தார். பேசாத மனிதர். அண்ணன் மகள் கோவிலுக்குப் போயிருந்தாள்.

கற்பூரம் காட்டி முடித்ததும் அக்கா சந்தனக் கிண்ணத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க டீச்சர், உங்க ஆயுதத்துக்கு வெச்சீங்களா?"

எனக்கு என்ன ஆயுதம், ஒரு பாய்தான் என்றேன்.

"பாயி எங்ககிட்டயும்தான் இருக்குது. கையை நீட்டுங்க."

நீட்டினேன். இரண்டு புறங்கையிலும் சந்தனம் இட்டு, நடுவில் குங்குமம் வைத்தார். மெஷினுக்கு வைத்த அதே அளவு, அதே இடைவெளி. தொழில்காரர் விரல், ஒரு துளி வழியவில்லை. பிறகு என் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இதை எழுத வேண்டும். இழுத்துக்கொள்ளவில்லை.

"வந்தது வந்தீங்க, இவரு பண்றது சரியான்னு ஒருக்கா பாத்துச் சொல்லிருங்க," என்று பாயை எடுத்து விரித்தார். ஒரு கையால் மேஜையைப் பிடித்து, வலது பக்கமாகச் சாய்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் இறங்கினார். இறங்கும்போது முகம் போன விதத்தை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். கால்களை நீட்டினார். கிட்டுசாமி அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையையும் அவர் இடுப்புக்கு மேலே வைத்தார். மிகச் சரியான இடம். நான் வைத்த இடம்.

"தெனமும் காலைல பத்துத் தடவைங்க. நீங்க அமுக்கற மாதிரியே அமுக்கோணும்னு சொல்லி வெச்சிருக்கறன். வாயு வெளிய போயிருமில்லீங்க."

கையை எடுங்கண்ணா என்றேன். அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. மறுபடி சொன்னேன். சத்தமாக இருந்திருக்க வேண்டும். அவர் எழுந்தே விட்டார்.

"போண்டாவால இல்லக்கா."

"என்னதுங்க?"

"நான் அமுக்குனதுல. உள்ள தசை கிழிஞ்சிருக்கு. சத்தம் கேட்டுது. எனக்கு அன்னிக்கே தெரியும்."

செப்டம்பர் 12 அன்று எழுதாமல் விட்டதையும் அங்கே சொன்னேன். சத்தம் கேட்டதும் அவர் 'ஐயோ' என்றார். நான் வகுப்பைப் பார்த்து, 'திறந்துடுச்சு, நல்லது' என்றேன். அதற்குப் பிறகுதான் எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்கா கால் நீட்டியபடியே இருந்தார்.

"நான் போன் பண்ணுனப்பத் தெரியுமா?"

"தெரியும்."

"ஓமத் தண்ணி குடிக்கறன்னு சொன்னப்ப?"

"தெரியும்க்கா."

கிட்டுசாமி அண்ணன் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு வாரம். தினமும் பத்து முறை. அவரிடம் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

அக்கா எழப் பார்த்தார். உதவிக்குக் கை நீட்டினேன். சந்தனம் வைத்த கை. அவர் அதைப் பார்த்துவிட்டு, கணவரின் தோளைப் பிடித்து எழுந்தார்.

"நான்தான் அன்னிக்கே சொன்னனே டீச்சர். நேர்ல வெட்டுன துணின்னு. நீங்களும்தான சிரிச்சீங்க."

திட்டவில்லை. திட்டியிருந்தால் நின்றிருப்பேன். கிளம்பும்போது பொரிப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார், முகத்தைப் பார்க்காமல். பூஜை வீட்டிலிருந்து யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.

பஸ்ஸில் சந்தனம் காய்ந்து, வெடித்து, காலடியில் உதிர்ந்தது.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. நல்ல நாள் என்று ஆறு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். வெற்றிலை பாக்கோடு வந்து காலில் விழப் பார்த்தார் ஒருவர். தடுக்கக்கூடக் கையை நீட்டவில்லை, பின்னால் நகர்ந்தேன். வகுப்பு முழுக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் ரெஜினா சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தெய்வானை அக்காவை நல்ல டாக்டரிடம் அழைத்துப்போக முடியுமா, என்னோடு வர மாட்டார் என்றேன்.

"அன்னிக்கே நான் பேசியிருக்கணும்," என்றார். "முப்பத்தஞ்சு வருஷம் வார்டுல இருந்தவ. பாயை மாத்திப் போட்டுட்டு சும்மா இருந்துட்டேன்."

அக்டோபர் 16, புதன்

ஸ்கேன் எடுத்தாயிற்று. தசைநார் எலும்பில் சேரும் இடத்தில் பாதிக்கு மேல் கிழிசல். அறுவை வேண்டாம். மூன்று மாதம் இழுக்கவோ குனியவோ கூடாது. உடனே ஓய்வு கொடுத்திருந்தால் இந்நேரம் பாதி ஆறியிருக்கும் என்றாராம் டாக்டர். யார் தினமும் நீட்டிவிட்டது என்று கேட்டிருக்கிறார். கிட்டுசாமி அண்ணன் அறையை விட்டு வெளியே போய் நின்றுகொண்டாராம்.

இதையெல்லாம் ரெஜினா சிஸ்டர் சொன்னார். அக்கா எனக்கு எதுவும் சொல்லி அனுப்பவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

வகுப்பில் சொன்னேன். பாய் விரிக்கும் முன்பே, நின்றபடி. போண்டா, சத்தம், கைதட்டல், எல்லாம். இனி யாரையும் கேட்காமல் தொட மாட்டேன், யாரையும் அமுக்க மாட்டேன் என்றேன்.

ஒருவர் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார். சிலர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து விளக்கை அணைக்கும்போது ஓர் அம்மா மட்டும் திரும்பி வந்து, யாரிடமும் சொல்ல மாட்டேன், எனக்கு மட்டும் லேசாக அமுக்கிவிடுங்கள் என்று கெஞ்சினார்.

அக்டோபர் 21, திங்கள்

பதிமூன்று பேர்.

அக்டோபர் 23, புதன்

கை இல்லாமல் கற்பிப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடமாக ஆசிரியர் என்று பெயர்.

வார்த்தை போதவில்லை. 'முதுகை நீட்டுங்கள்' என்றால் பதிமூன்று பேர் பதிமூன்று இடத்தை நீட்டுகிறார்கள். இன்று வேறு மாதிரி முயன்றேன். எங்கே வலிக்கிறது, எங்கே பிடிக்கிறது, எங்கே ஒன்றுமே தெரியவில்லை என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே போனேன். முதலில் யாருக்கும் பதில் வரவில்லை. நல்லா இருக்குதுங்க, நல்லா இருக்குதுங்க என்றே சொன்னார்கள். ஆசிரியர் கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நானாக இருக்கலாம்.

கடைசியில் ஒருவர், "இடது முட்டிக்குப் பொறகால சுருக்குன்னுது, போன வருசத்துல இருந்தே," என்றார்.

போன வருடம் அந்த முட்டியை நான் அமுக்கியிருக்கிறேன். சுருக்கென்று வராத இடத்திலேயே நிறுத்துங்கள் என்றேன். நிறுத்தினார். அரை முழம்கூட வளையவில்லை. அவர் மூச்சு முதல் முறையாகச் சத்தமில்லாமல் போய் வந்தது. அதைக் கவனிக்க எனக்கு நேரம் இருந்தது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. நாள் அறுபது.

ஒரு திருத்தம், மாஸ்டர். செப்டம்பர் 2 அன்று ஸ்கூட்டர் என்று எழுதியிருக்கிறேன். எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது.

நான்கு வருடம் முன்பு, சேலத்தில், காலை வகுப்பு. நான் குனிந்திருந்தேன். நீங்கள் என் முதுகில் முழங்காலை வைத்தீர்கள். கொக்கி தெறிப்பது போல ஒரு சத்தம். 'திறந்துருச்சு' என்றீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். மதியம், ஏன் நொண்டுகிறாய் என்று கேட்டீர்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் தோழியின் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததாகச் சொன்னேன்.

உங்களைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. காரணம் இதுதான்.

பொய் கூடாது என்ற விதிப்படி இந்த நோட்டு தேறாது. எதையும் அடிக்காமல் அப்படியே அனுப்புகிறேன்.

நவம்பர் 7, வியாழன்

வேறு நோட்டு. யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை.

மாஸ்டரிடமிருந்து காலையில் இரண்டு வரி வந்தது. பன்னிரண்டு பேருக்கு வேறு ஆசிரியரை ஏற்பாடு செய்துவிட்டாராம். என் முதிர்ச்சிக்காகப் பிரார்த்திக்கிறாராம். முழங்காலைப் பற்றி எதுவும் இல்லை. அந்தப் பன்னிரண்டு பெயர்களும் எனக்கு மனப்பாடம். ஒவ்வொருவருக்கும் நடந்ததைச் சொல்லிக் கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை மூன்று.

மாலை ஐந்தரைக்குப் பாய்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் பேச்சு நின்றது. தெய்வானை அக்கா.

பாய் கொண்டுவரவில்லை. செருப்பைக் கழற்றி, நேராக நடு வரிசைக்கு வந்து, தன் பழைய இடத்தில் நின்றார்.

"ரெண்டு போண்டா தின்னுபோட்டுத்தான் வந்திருக்கறனுங்க," என்றார். கூடத்துக்கே கேட்கும்படி.

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"சரிங்கக்கா."

நின்றபடி செய்பவற்றை மட்டும் இன்று கற்பித்தேன், எல்லோருக்கும். கைகளை உயர்த்தி, மூச்சோடு இறக்குவது. அவருடைய இடது தோள் காதுவரை ஏறியிருந்தது. முன்பானால் போகிற போக்கில் இரண்டு விரலால் அதை இறக்கிவிட்டுப் போயிருப்பேன். கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்காது. அருகில் போய் நின்றேன்.

"தோளைத் தொடட்டுமாக்கா?"

"வேண்டாமுங்க."

"சரிங்கக்கா."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அடுத்தவரிடம் போனேன், கேட்டேன். அதற்கு அடுத்தவரிடமும். பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். அக்கா சொல்லிவிட்ட பிறகு சொல்வது சுலபமாக இருந்திருக்கும். திரும்பி வரும்போது பார்த்தேன், அவர் தோள் அப்படியேதான் இருந்தது.

முடிந்ததும் வாசலில் சுவரைப் பிடித்துச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டடி தள்ளி நின்றேன்.

"நாளைக்கும் கேப்பீங்களா?" என்றார், செருப்பைப் பார்த்தபடியே.

"கேப்பேன்க்கா."

"நாளைக்கும் வேண்டாம்னுதான் சொல்லுவன்."

"சரிங்கக்கா."

வலது செருப்பு மாட்டியாயிற்று. இடது செருப்பு நேரம் எடுத்தது. நான் நகரவில்லை.

"அப்ப நாளைக்கு வர்றனுங்க," என்றார்.